ஐந்தாவது இலை

ஜனவரி 18

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விதை போட்டு ஒரு பூச்செடியும் நான் வளர்த்தது கிடையாது. ஏழாம் நம்பர் அறையில் இருக்கிற பிளாஸ்டிக் ரோஜாவை ஒன்பது வருடமாக சோப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கிறேன். எனக்கும் பூவுக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான்.

அப்படியிருக்க, இந்தக் காட்டேஜின் முதலாளி வசுமதி மேடம் பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு வந்து, வேலைக்காரர்கள் எல்லோரையும் நிறுத்தி, "பூநாத்து வளர்க்க இங்க யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டபோது என் கை தானாக மேலே போய்விட்டது. அதை இறக்குவதற்குள் வாயும் சேர்ந்துகொண்டது.

"ஆயிரக்கணக்குல வளத்துருக்கேன் மேடம்."

விஷயம் இதுதான். மே மாதத்திலிருந்து படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் டவுனில் மெஷினில் துவைக்கக் கொடுக்கப் போகிறார்கள். துவைக்கிறவள் நான். அதனால் எனக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் தோட்டக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டதால் அந்த இடம் காலி. மேடம் ஒரு விதைப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். "ஏப்ரல் பன்னெண்டாம் தேதி வருவேன். நூறு பெட்டூனியா நாத்து உயிரோட காட்டுங்க, தோட்டம் உங்களுக்கு. இல்லன்னா திண்டுக்கல்லேருந்து ஒரு ஆள் வரச் சொல்லிருக்கேன்."

பாக்கெட்டைப் பிரித்தேன். உள்ளே வெறும் தூசி. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊதப் போனேன். இரவுக் காவல்காரர் மிக்கேல் பாய்ந்து கையைப் பிடித்தார். அந்தத் தூசிதான் விதையாம்.

இந்த டைரி நாலாம் நம்பர் அறையில் தங்கிய யாரோ விட்டுப்போனது. போன வருடத்து டைரி. கிழமை பொருந்தாது. தேதி பொருந்தினால் போதும். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இது தாராளம்.

ஜனவரி 19

காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல உறைபனி. வெளியே வைத்தால் விதை முளைக்காது. காட்டேஜில் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான், பாய்லர் அறையை ஒட்டி நான் துணி மடிக்கும் அறை. விறகு பாய்லர். மிக்கேல் விடிந்ததும் அதைப் பற்றவைத்து, குளிக்கிறவர்களுக்கு வெந்நீர் தயாரான பிறகுதான் வீட்டுக்குப் போவார்.

செம்மண், மக்கிய சாணம், அதோடு இரண்டு கை பாய்லர் சாம்பல். வத்தலக்குண்டில் எங்கள் தெருவில் சாம்பல் போடாமல் யாரும் ஒரு கத்தரி நாற்றுகூட வைத்ததில்லை. பூச்சி அண்டாது. குழித்தட்டு மூன்று, கிட்டத்தட்ட முந்நூறு குழி. பல்குச்சி நுனியை நாக்கில் நனைத்து, விதையைத் தொட்டுத் தொட்டு வைத்தேன்.

மேனேஜர் பாண்டுரங்கன் எட்டிப் பார்த்தார். "என்ன பவுனுத்தாயி, மண்ணுக்குப் பொட்டு வைக்கிறியா?"

"உங்களுக்கும் ஒண்ணு வைக்கவா சார்? நெத்திதான் வருசத்துக்கு வருசம் அகலமாகுதே."

சிரிக்காமல் போய்விட்டார். முடி கொட்டுகிறவர்களுக்குச் சிரிப்பும் சேர்ந்து கொட்டிவிடும் போல.

ஜனவரி 30

முளைத்துவிட்டது! இருநூற்று நாற்பத்தாறு. மூன்று தரம் எண்ணினேன். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க?" என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மறுபடி, "எங்க?" என்றார்.

பிப்ரவரி 4

எல்லாம் கொக்குக் கழுத்து மாதிரி நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கின்றன. வெளிச்சம் போதவில்லை. மடித்த துண்டுகளை அலமாரிக்கு மாற்றிவிட்டு, ஜன்னலடி மேஜை முழுவதையும் தட்டுகளுக்குக் கொடுத்தேன். தினமும் தட்டைத் திருப்பி வைக்கிறேன். இன்று இந்தப் பக்கம் சாய்ந்ததை நாளை அந்தப் பக்கம் சாயவிட்டால் நேராகிவிடும். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரிடமும் இதைத்தான் செய்தேன்.

பிப்ரவரி 11

நேராகிவிட்டன. ஒவ்வொன்றிலும் நாலு இலை. சின்னதுதான், ஆனால் இலை இலைதான்.

திருப்பூரிலிருந்து மகள் சுகப்பிரியா போன் பேசினாள். "இங்க வந்துரும்மா. எதுக்கு அந்தக் குளுருல?" அவளுக்கு ஒரே அறை வீடு. அதில் அவள், மருமகன், பிள்ளை, மருமகனின் அம்மா, ஒரு தையல் மெஷின். நான் போனால் தையல் மெஷின் வெளியே போக வேண்டும். "வாரேன்டி, நீ இன்னொரு சுவரு கட்டு" என்றேன்.

கிளம்புகிற நேரத்தில் மிக்கேல் கேட்டார். "திருப்பூர்ல குளிரே இருக்காதுல்ல?"

"குளிரும் இருக்காது, உங்க குறட்டையும் இருக்காது. காவல்காரர் தூங்குறது மூணாம் நம்பர் வரைக்கும் கேக்குதாம்."

"நான் தூங்குறதில்ல" என்றார். திருப்பூர் வெயிலில் அவருக்கு என்ன அக்கறையோ தெரியவில்லை.

பிப்ரவரி 14

ஈரத்தில் சின்னச் சின்னக் கொசு மொய்க்கிறது. தட்டின் மேல் கொஞ்சம் சாம்பல் தூவினேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தூவுவதாகத் திட்டம்.

பிப்ரவரி 20

இன்னும் அதே நாலு இலைதான்.

துவைக்கிற தொட்டியிலிருந்து கொடி கட்டிய மேட்டுக்கு ஐம்பத்தெட்டுப் படி. ஈரத்துணியோடு ஏறும்போது இப்போதெல்லாம் எழுபது இருக்கிறது. யாரோ இடையில் கட்டிவிட்டார்கள். முட்டியில் ஒரு சத்தம் கேட்கிறது. அது செருப்பு.

பிப்ரவரி 24

செருப்பை மாற்றினேன். புதுச் செருப்பும் அதே கம்பெனி போல, சத்தம் போடுகிறது.

ஈரத்துணி மூட்டையை இன்று மிக்கேல் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார். டியூட்டி முடிந்து ஒன்றரை மணி நேரமாகியும் மனிதர் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டால், "மேல டவர் நல்லா கெடைக்கும், போன் பேசணும்" என்றார். மேலே நின்று பார்த்தேன். போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

பிப்ரவரி 27

நாலு இலை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாலு குடும்பம் கூடிப் பேசி முடிவெடுத்தது போல எல்லாம் ஒரே மாதிரி நிற்கின்றன.

தண்ணீர் அதிகமோ என்று இரண்டு நாள் விடவில்லை. துவண்டன. விட்டேன். நிமிர்ந்தன. நாலு இலையோடு நிமிர்ந்தன.

மார்ச் 2

பசிதான் காரணமாக இருக்கும் என்று சாணத்தைக் கரைத்து ஊற்றினேன். அறை முழுவதும் வாசம். ஐந்தாம் நம்பர் அறைக்காரர் துண்டை மோந்துபார்த்துவிட்டு மேனேஜரிடம் கொண்டுபோனார். மேனேஜர் என்னிடம் கொண்டுவந்தார்.

"இது என்ன வாசனை?"

"இயற்கை சார். அதுக்குத்தான இம்புட்டுத் தூரம் மலை ஏறி வாராங்க."

துண்டுகளை மறுபடி துவைத்தேன். மறுபடி படி.

மார்ச் 5

இலையெல்லாம் வெளிறுகிறது. நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சள். இன்னொன்றையும் கவனித்தேன். நான் வேலைக்கு வரும்போது தட்டுகளின் மேல் சாம்பல் படிந்திருக்கிறது, நான் தூவாத நாளிலும். பாய்லர் கதவு ஒழுகுகிறது என்று நினைக்கிறேன். மிக்கேலிடம் சொன்னேன். "பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பாய்லர் மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

மார்ச் 7

கண்ணேறுதான் என்று முடிவு செய்தேன். எங்கே எங்கே என்று கேட்டபடி மேனேஜர் முறைத்துப் பார்த்த பார்வை சும்மா போகுமா? மிளகாய் வற்றலும் கல்லுப்பும் எடுத்து மூன்று தட்டையும் சுற்றி, பாய்லரில் போட்டேன்.

பாய்லர் கதவு ஒழுகவில்லை என்று நினைத்திருந்தால் அது தப்பு. புகை வராந்தாவுக்குப் போய், இரண்டாம் நம்பருக்குள் நுழைந்தது. புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி. மூன்று நாளாக வெளியே தலை காட்டாதவர்கள் இருமிக்கொண்டே ஓடி வந்தார்கள். அப்படியே ஏரிக்குப் போய்ப் படகும் ஓட்டிவிட்டு வந்தார்கள். போகும்போது எனக்கு நன்றி சொல்லியிருக்கலாம்.

செடிகளுக்குப் பலன் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை இருநூற்று பதினொன்று.

மார்ச் 9

நூற்று எண்பத்து நாலு.

மார்ச் 10

திண்டுக்கல் ஆள் இடம் பார்க்க வந்தான். இளைஞன். படியில் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

அவன் துணி மடிக்கும் அறைக்குள் வந்து தட்டுகளைப் பார்த்தான். "இது என்ன அக்கா, கீரையா?" என்றான்.

"கொத்தமல்லி" என்றேன்.

மார்ச் 11

நூற்று எழுபத்தொன்பது. ஒரு நாளைக்கு மூன்று என்று போனால்கூட ஏப்ரல் பன்னிரண்டுக்குள் என்ன மிஞ்சும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கணக்கு எனக்கு என்றைக்குமே வராது.

சுகப்பிரியாவுக்கு நானே போன் போட்டேன். தையல் மெஷினை மடித்து வைக்கிற மாதிரியும் வருமாமே என்று சும்மா கேட்டேன்.

மார்ச் 12

வெட்கத்தை விட்டுவிட்டு, வேரோடு ஒரு செடியைக் காபி டம்ளரில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து விதைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செடியை மூக்கின் அருகே கொண்டுபோனார். மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார்.

"சாம்பல் போட்டீங்களாம்மா?"

"ஒரு துளி."

"எத்தன துளி?"

"வாரத்துக்கு ரெண்டு நா."

"இது ரெண்டு நா போட்ட மண்ணு மாதிரி தெரியலையே. சுவத்துக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு மாதிரில்ல இருக்கு." பிறகு பொறுமையாக விளக்கினார். சாம்பல் சுண்ணாம்பு மாதிரிதானாம். கத்தரிக்குக் கொஞ்சம் தாங்கும். பெட்டூனியாவுக்குப் புளிப்பான மண் வேண்டும். சாம்பல் ஏறினால் மண்ணில் இருக்கிற இரும்புச் சத்தை வேரால் உறிஞ்ச முடியாது. சோறு எதிரே இருந்தும் வாயைக் கட்டிப் போட்ட மாதிரி. அதனால்தான் மஞ்சள், அதனால்தான் வளராமல் நிற்கிறது.

"பொழைக்குமா?"

"வேரை அலசி, மண்ணை மாத்துங்க. மரத்தடியில மக்குன இலை மண்ணு இருக்கும் பாருங்க, அது. எத்தன செடி?"

"நூத்தி எழுபத்தி அஞ்சு."

அவர் என் வயதை ஒரு பார்வை பார்த்தார். "தனியாவா?"

மார்ச் 13

மிக்கேல் கிளம்புவதற்குள் போய்ப் பிடித்தேன்.

"உங்க பாய்லரு என் செடியைக் கொன்னுருச்சு."

"பாய்லரா? அது என்ன செஞ்சது?"

"தெனமும் சாம்பலை ஊதி விடுது. கதவைச் சரி பண்ணுங்கன்னு சொன்னேன்ல?"

அவர் குரங்குக் குல்லாவைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"பாய்லர் ஊதல பவுனுத்தாயி. நான்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"கொசு மொய்ச்சுது. நாத்து போயிருச்சுன்னா நீங்க..." என்று ஆரம்பித்து, "கொசு மொய்ச்சுது" என்று மறுபடி முடித்தார்.

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமை போடல. பூசைக்குப் போகணும்ல."

"உங்க கோயில்லயே வருசத்துக்கு ஒரு நாளுதான் நெத்தியில சாம்பல் பூசுறாங்க. என் செடிக்கு வாரத்துல ஆறு நா பூசிருக்கீங்க!"

"நல்லதுன்னு நெனச்சேன்."

"நானும் நல்லதுன்னுதான் நெனச்சேன். நான் ரெண்டு நா, நீங்க ஆறு நா. வாரத்துக்கு ஏழு நாளுதான். நாம எட்டு நா போட்டுருக்கோம்."

பெரிய தப்பு செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்ட நிறைய வைத்திருந்தேன். அந்தக் குல்லாவைக் கையில் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது. மீதியைத் திட்டினேன்.

மார்ச் 14, 15, 16

மூன்று நாளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நேரம் இல்லை.

காட்டேஜின் பின்னால் இருக்கிற பெரிய மரத்தடியிலிருந்து இலைமண்ணை மிக்கேல் சாக்கில் அள்ளி வந்தார். கறுப்பாக, மழை வாசத்தோடு இருந்தது. குழித்தட்டு போதாது என்று பேரிக்காய்ப் பெட்டி ஐந்தாறு தேடிக் கொண்டுவந்தார். நான் கொண்டை ஊசியால் செடியைத் தோண்டி எடுத்து, வேரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசுவேன். அவர் விரலால் குழி போட்டு நடுவார். அவர் விரல் என் கட்டைவிரலைப் போல இரண்டு பங்கு இருக்கும். ஆனாலும் ஒரு வேர்கூட அறுந்து போகவில்லை.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"வாட்ச் ரிப்பேர் பாத்தேன், முன்னாடி. கண்ணு போயிருச்சு."

பன்னிரண்டு வருடமாக ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். இது எனக்குத் தெரியாது. வாட்ச் பார்த்தவர் வாட்ச்மேன் ஆனதைப் பற்றி நல்லதாக ஒரு கிண்டல் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ.

மேனேஜர் வந்து பார்த்தார். "காவல்காரருக்குப் பகல் டியூட்டியும் உண்டா?"

"சம்பளம் கேக்க மாட்டார் சார், பயப்படாதீங்க."

நட்டது நூற்று எழுபத்தொன்று.

மார்ச் 19

நூற்று நாற்பத்தைந்து. வேர் அலசியதில் சில போய்விட்டன. மிச்சம் படுத்தே கிடக்கின்றன. மிக்கேல் தினமும் டியூட்டி முடிந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறார். கையில் சாம்பல் இல்லை என்று எனக்குக் காட்டுவதற்காக.

மார்ச் 23

ஐந்தாவது இலை.

ஒரே ஒரு செடியில், எள்ளு அளவு. மேனேஜரைக் கூப்பிடவில்லை. மறுபடி எங்கே என்பார். மிக்கேலுக்கு மட்டும் காட்டினேன். மனிதர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்தேன். பாய்லர் புகை.

மார்ச் 31

இலைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பச்சை நிறம் கையில் ஒட்டிக்கொள்ளும் போல இருக்கிறது. பகலில் வெளியே வைத்து, பனிக்கு முன்னால் உள்ளே எடுக்கிறோம். காட்டுமாடு ஒன்று வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தது. "நூறுக்கு மேல இருந்தா ஒனக்குத்தான், போ" என்றேன். மிக்கேல் தகரத்தைத் தட்டி விரட்டினார்.

ஏப்ரல் 6

படி எண்பது.

ஏப்ரல் 11

நூற்று முப்பத்திரண்டு. இரண்டில் மொட்டு. நாளைக்கு மேடம் வருகிறார். நல்ல சேலையை எடுத்து வைத்தேன். பிறகு தோட்டக்காரி நல்ல சேலை கட்டினால் சந்தேகம் வரும் என்று பழைய சேலையையே எடுத்தேன்.

ஏப்ரல் 12

மேடம் பத்து மணிக்கு வந்தார். பெட்டிகளைப் புல்தரையில் வரிசையாக வைத்திருந்தோம். மேனேஜர் எண்ணினார். மேடமும் எண்ணினார். மிக்கேலுக்கு டியூட்டி காலை ஏழு மணிக்கே முடிந்துவிட்டது. அவர் எதற்கோ அங்கே வேலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வேலியில் ஒன்றும் கோளாறு இல்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கே! ஆயிரக்கணக்குல வளர்த்தவங்க கை தெரியுது" என்றார் மேடம்.

"ஆமா மேடம்" என்றேன்.

"ஆனா ஒண்ணு. தோட்ட வேலைன்னா நாள் பூரா முட்டி மடக்கி உக்காந்து எந்திரிக்கணும். மேனேஜர் சொன்னார், உங்களுக்குப் படியேற சிரமமா இருக்குன்னு. உங்க வயசுக்கு முடியுமா?"

நாற்பத்தொன்பது என்றேன். ஆதார் கார்டில் வேறு மாதிரி இருக்கிறது. எழுதினவன் தப்பாக எழுதியிருப்பான். சொன்ன வாயோடு, பெட்டிக்குப் பக்கத்தில் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து காட்டினேன். உட்கார்ந்தது நல்லபடியாக நடந்தது.

எழ வேண்டிய நேரம் வந்தது. நான் ஒரு செடியைப் பார்த்தேன். இன்னொரு செடியைப் பார்த்தேன். காய்ந்த இலை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மேடம் காத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பின் ஆரம்பம் தெரிந்தது.

மிக்கேல் வேலியை விட்டுவிட்டு வந்தார். என் எதிரே குனிந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார். "இத அந்தச் செவுத்து மேல வச்சிருவோம் பவுனுத்தாயி. வெயில் படட்டும். நீங்க அந்தப் பக்கம் புடிங்க. நல்லாப் புடிங்க."

பிடித்தேன். அவர் தூக்கினார். பெட்டியும் வந்தது, நானும் வந்தேன். பெட்டி கனம். அதனால்தான் அவருக்கு அவ்வளவு மூச்சு வாங்கியது.

கட்டைச்சுவர் மேல் பெட்டியை வைத்தோம். மேடம் தலையை ஆட்டினார். "சரி. மே ஒண்ணுலேருந்து தோட்டம் உங்களுது பவுனுத்தாயி. உதவிக்கு ஆள் வேணும்னா..."

"ஆள் இருக்கு மேடம்" என்றேன். மிக்கேல் வேலியைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்போது மேடத்துக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே பின்னால் நடந்து, கட்டைச்சுவரில் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். பெட்டியில் இருபத்தெட்டுச் செடி இருந்தது. முதலாளி போன் பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது காட்டேஜ் சட்டம். மேனேஜர்தான் போர்டு எழுதி ஒட்டியிருக்கிறார். பேச்சு பதினோரு நிமிடம் நடந்தது. எழுந்ததும் மேனேஜர் துண்டு எடுக்க ஓடினார். ஒன்பது பிழைத்தது. ஒன்று சேலை மடிப்பில் இருந்தபடியே காரில் சென்னைக்குப் போயிருக்கிறது. அங்கே வெயில் அதிகம். இரண்டு நாளைக்கு நிழலில் வைக்க வேண்டும்.